கார்ட்டூனில் இல்லாத போத்தல்

மேற்குச் சிட்னியில் வளர்ந்து, சனிக்கிழமைக் காலைகளைத் தமிழ்ப் பள்ளிக்குப் பறிகொடுத்தவர்களே, இது உங்களுக்கு. இப்போது எங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. மீதிப் பேருக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய வலி. எங்கள் பிள்ளைகளை அதே பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய், "பிறகு எனக்கு நன்றி சொல்லுவாய்" என்று வாய் கூசாமல் சொல்கிற வயதுக்கும் வந்துவிட்டோம். ஆனால் மற்றக் கிழமை நாட்களின் காலைகள் எங்களுடையவையாக இருந்தன, இல்லையா? பள்ளி மணிக்கு முந்திய அந்த ரீவி நேரம். ஜப்பானில் படமாகக் கீறி, அமெரிக்காவில் ஆங்கிலம் பேச வைத்து, நடுவில் கோர்ன்ஃப்ளேக்ஸ் விளம்பரம் செருகி எங்களிடம் வந்துசேர்ந்த பெரிய கண் பிள்ளைகள். அவர்கள் வாயை மூடிய பிறகும் குரல் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

அதில் ஒரு தொடரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே முகப்புப் பாட்டைப் பாடத் தொடங்கிவிடுவீர்கள். உங்கள் குரல்களை எனக்குத் தெரியும். ஒரு தீவு, அதில் கப்பல்களுக்கு வழிகாட்டும் ஒரு வெளிச்சவீடு, அதற்குள் தாய் தகப்பன் இல்லாத ஓர் அக்காவும் தம்பியும். கடலிலிருந்து வாரம் தவறாமல் ஓர் இரும்பு மீன் வரும். வெளிச்சவீட்டின் அடியில் ஒளித்துவைத்த இரும்பு மனிதனுக்குள் ஏறி அக்கா அதனோடு சண்டை பிடிப்பாள். பாதித் தொடரில் இரும்பு மீன்காரர் தம்பியைக் கொண்டுபோய்விடுவார்கள். அதன் பிறகு அக்கா அந்திதோறும் விளக்கேற்றிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசிப் பகுதியில் தம்பி வளர்ந்து, அதே இரும்பு மீனை ஓட்டிக்கொண்டு வருவான். விளக்கைக் கண்டதும் பழைய நினைவு திரும்பும். கரையேறுவான். கட்டிப் பிடிப்பார்கள். முகப்புப் பாட்டு மெதுவான தாளத்தில் ஒலிக்கும். அன்று அழாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. இருந்திருந்தால் அதன் வீட்டில் ரீவி இல்லை என்று அர்த்தம்.

இந்தத் தொடர் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று முகப்பில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும். அதை யார் வாசித்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மாவுக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் காலை வேலை, விடியமுன் போய்விடுவார். அப்பா ரயிலைப் பிடிக்க ஓடுவார். என்னைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஓடுவார். கீழ்வீட்டு அன்ரி தனி ஆள். சண்டை நடந்துகொண்டிருந்த இலங்கையிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டிலேயே மெசின் வைத்து ஒரு கடைக்குக் காற்சட்டை மடித்துத் தைத்துக் கொடுப்பார். அவர் வீட்டுக் கம்பளத்தில் எப்போதும் நீல நூல் கிடக்கும். பள்ளியில் என் காலுறையில் அது ஒட்டியிருப்பதைப் பார்த்து நான் தவறாமல் வெட்கப்படுவேன். அந்த வயதில் வெட்கப்படுவதற்கு ஏதாவது தேவைப்பட்டது.

ரீவிக்கு முன்னால் நான் நிலத்தில் இருப்பேன். எனக்குப் பின்னால் கதிரையில் அன்ரி இருந்து தலை பின்னுவார். நல்லெண்ணெயும் மெசின் எண்ணெயும் கலந்த அவருடைய கை மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் மட்டு மட்டு. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் ஒரு கேள்வி வரும்.

"என்ன சொல்லுறான்?"

"கடலுக்குப் போக வேண்டாமாம்."

"ஆர், அந்தக் கிழவனோ?"

"ஓம்."

"நல்ல மனுசன். சாகப்போறான்."

அடுத்த வாரம் செத்தான். அன்ரிக்கு இந்த விசயத்தில் பிழைக்காத கண். சண்டைக் காட்சி வந்தால் சீப்பு பாதித் தலையில் நின்றுவிடும். அக்கா வெல்கிறாள் என்று தெரிந்த பிறகே பின்னல் மேலே போகும். அதனால் இடது பின்னல் இறுக்கமாகவும் வலது பின்னல் தளர்வாகவும் பள்ளிக்குப் போன நாட்கள் உண்டு. ஜப்பானியப் புத்தகம், ஜப்பானிய ரீவி, அமெரிக்க ஆங்கிலம், அதற்கு மேல் நாலாம் வகுப்புத் தமிழில் நான். அந்தக் கதை எத்தனை கைகள் மாறி அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வழியில் உடையாமல் போனதே பெரிய காரியம்.

அந்த வருடம் தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவுக்கு நாடகம் பழக்க ஆள் கிடைக்கவில்லை. அப்பா பள்ளியின் செயலாளர். அம்மாதான் சொன்னார், "கீழ்வீட்டா பள்ளிக்கூடத்தில நடிச்சவவாம், கேட்டுப் பாருங்கோவன்." கேட்டார்கள். ஒரு வாரத்தில் அன்ரி எழுதிவிட்டார். எங்கள் கட்டடத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை. நாடக அன்ரி என்ற பெயர் அங்கேதான் வந்தது.

ஒத்திகையின் முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கள் காலைத் தொடர் என்று. பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. அக்கா வேடம் பள்ளித் தலைவர் அங்கிளின் மகளுக்குப் போனது, உலக வழக்கம். என் உடல்வாகைப் பார்த்து இரும்பு மனிதன் வேடத்தை எனக்குத் தந்தார்கள். அன்ரி அதைப் பூதம் என்றுதான் சொல்வார். ஒரு ஃபிரிட்ஜ் பெட்டிக்கு வெள்ளிச் சாயம் அடித்து, கண்ணுக்கு ஒரு நீட்டு வெட்டு. எனக்கு ஒரு வசனமும் இல்லை. ஆனால் கதை தெரிந்தவள் என்ற தகுதியில் எல்லார் வசனத்தையும் திருத்திக்கொண்டிருந்தேன்.

முக்கியமாக இரண்டு திருத்தம். அன்ரியின் நாடகத்தில் தம்பி கடத்தப்படுகிற இடம் வேறு மாதிரி. அந்தி நேரம், விளக்குக்கு எண்ணெய் இல்லை. கழுத்தில் சணல் கட்டிய வெறும் போத்தல் ஒன்றைக் கொடுத்து, மண்ணெண்ணெய் வாங்கி வா என்று அக்கா தம்பியை அனுப்புகிறாள். அவன் போத்தலை ஆட்டிக்கொண்டு மேடையின் மறுபக்கம் போகிறான். அவ்வளவுதான்.

"அன்ரி, கார்ட்டூனில போத்தல் இல்லை."

"இருக்கட்டும்."

"வெளிச்சவீடு கரண்டிலதானே எரியிறது?"

"கரண்ட் இல்லாத காலம் பிள்ளை இது."

இரண்டாவது, முடிவு. தம்பி திரும்பி வரவில்லை. அக்கா விளக்கை ஏற்றிவிட்டு நிற்கிறாள், நாடகம் முடிகிறது.

"ஏன் அன்ரி தம்பி வாறேல்ல?"

"மேடைக்கு அது சரிவராது."

இரும்பு மீன் செய்ய இன்னொரு ஃபிரிட்ஜ் பெட்டி கிடைக்கவில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கலைவிழா ஓர் உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில். பெட்டிக்குள் சாய மணமும் என் மூச்சும். நீட்டு வெட்டு வழியாக முன்வரிசையின் சேலைகளும் மடியில் வைத்திருந்த கடதாசித் தட்டுகளும் தெரிந்தன. தம்பி போத்தலோடு போனான். பிறகு ஊரார் வந்து, "அவன் எங்க போனவன்?" என்று கேட்கிறார்கள். அக்கா சொன்னாள், "அவன் போகேல்ல. கூட்டிக்கொண்டு போனவை."

மண்டபத்தில் ரோல்ஸ் மெல்லுகிற சத்தம் நின்றது.

கடைசியில் அக்கா விளக்கை ஏற்றினாள். ஒரு வெறும் மைலோத் தகர ரின்னில் ஆணியால் துளைகள் போட்டு உள்ளே டோர்ச் வைத்தது. மேடை விளக்கை அணைத்ததும் அந்தத் துளைகளின் வெளிச்சம் சுவரெல்லாம் விழுந்தது. திரை மூட வேண்டும், கம்பியில் சிக்கிவிட்டது. மூடவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரோ ஒரு பெண் விக்கினார். பிறகு இன்னொருவர். அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் இருந்துதான். பின்வரிசையில் ஒரு கதிரை இழுபட்டது; ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு ஃபோன் ஆறவில்லை. எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும்தானே. அழுது முடித்ததும், என்னை அழவைத்தவர் எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். கூட்டிக்கொண்டு போனவை ஆர்? இயக்கத்தைத்தான் சொல்கிறா என்று ஒரு பகுதி. இல்லை, ஆமியை ஆமி என்று சொல்லாமல் மழுப்புகிறா, ஏன் மழுப்புகிறா என்று இன்னொரு பகுதி. இரண்டு பகுதியும் ஒரே விசயத்தில் ஒத்துப்போனது: பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போகிறோம். அத்தனை வருடம் அந்தப் பள்ளியில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டு முன்னறையில் கூட்டம். தலைவர் அங்கிள், நிர்வாகக் குழு ஆண்கள், அப்பா. அன்ரியையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அதனால் தேத்தண்ணியும் கட்லட்டும் கொண்டுவருவது என் பொறுப்பு. அன்ரி கதவோரக் கதிரையில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தார்.

"தங்கச்சி, பிழையா நினைக்காதையும்," என்றார் தலைவர் அங்கிள். "இது ஆரின்ர கதை? ஆரும் எழுதித் தந்தவையோ?"

"என்ர கதை."

"அப்ப கூட்டிக்கொண்டு போனது ஆர்?"

"எனக்குத் தெரியாது."

"எழுதினது நீர். உமக்குத் தெரியாதோ?"

"தெரியாது, அண்ணை."

"இப்பிடிச் சொன்னா நாங்கள் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அன்ரி கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். அன்ரியை ஏதோ செய்யப்போகிறார்கள் என்பது விளங்கியது. அவரைக் காப்பாற்றக் கூடிய ஒரே ஆள், கட்லட் தட்டோடு நான். உண்மை என் கையில் இருந்தது. அது எவ்வளவு நல்ல உண்மை என்று நினைக்க நினைக்க எனக்கே சந்தோசமாக இருந்தது.

"இல்லை அங்கிள், அது அன்ரியின்ர கதை இல்லை. ரீவியில போறது. ஜப்பான் கார்ட்டூன். அந்த வசனமும் அதிலதான் இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னட்ட வீடியோக் கசற் இருக்கு," என்றேன்.

கடைசிப் பகுதியை நான் பதிந்து வைத்திருந்தேன், யாருடைய கல்யாணக் கசற்றின் மேலேயோ. போட்டேன். ஐந்து வளர்ந்த ஆண்கள், தேத்தண்ணி ஆற, கடலிலிருந்து இரும்பு மீன் எழும்புவதைப் பார்த்தார்கள். வெளிச்சவீட்டு அக்கா பழைய நாளை நினைத்து, அவன் போகவில்லை, கொண்டுபோனார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தலைவர் அங்கிளின் முகம் அவிழ்ந்தது. தம்பி கரையேறிக் கட்டிப் பிடித்தபோது அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். மற்றவர்களும். கெட்ட சிரிப்பு இல்லை. பாரம் இறங்கிய சிரிப்பு. கார்ட்டூன் முடிந்த இடத்தில் படக்கென்று கல்யாணம் வந்தது, அதில் தலைவர் அங்கிளே பந்தியில் இருந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் ஒருவராலும் அடக்க முடியவில்லை.

"அட கோதாரி. கார்ட்டூனைப் பாத்தே தங்கச்சி எங்களை இந்தப் பாடு படுத்தினனீர்? பிறகேன் என்ர கதை எண்டு சொன்னனீர்?"

"அன்ரி கொஞ்சம் பிழையாச் சேர்த்திட்டா," என்று நான் உதவிக்குப் போனேன். "கார்ட்டூனில போத்தல் இல்லை. தம்பி திரும்பி வந்திடுவான்."

"அதுதானே. வந்திட்டான்தானே," என்றார் அங்கிள், கண்ணைத் துடைத்தபடி.

அன்ரி எழுந்து வெறும் கோப்பைகளைப் பொறுக்கிக் குசினிக்குக் கொண்டுபோனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. கை துடைத்துக்கொண்டு வந்து, "போட்டு வாறன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அப்பா அன்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். ஒரு பெரிய பிளவைத் தடுத்தவள் என்று சில வீடுகளில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். பென்டில் ஹில் கடைக்கார அங்கிள் சும்மாவே ஒரு மாம்பழ ஜூஸ் தந்தார். நான் குடித்தேன். நல்ல இனிப்பு.

திங்கள் காலை கீழ்வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, ரீவியும் போட்டிருந்தது. நான் நிலத்தில் இருந்தேன், அன்ரி கதிரையில் இருந்தார். எண்ணெய், சீப்பு, எல்லாம் முன்போலவே. புதிய தொடர் ஒன்று தொடங்கியிருந்தது. யாரோ ஒருவன் நீண்ட நேரம் கத்தினான். நான் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை.

"தான் ராசாவின்ர மகன் எண்டு சொல்லுறான், அன்ரி."

"ம்."

சீப்பு எங்கும் நிற்கவில்லை. அன்றிலிருந்து என் இரண்டு பின்னலும் ஒரே இறுக்கம்.

பெயர் மட்டும் மாறியது. கார்ட்டூன் அன்ரி. பிள்ளைகள் சொன்னார்கள், பிறகு பெரியவர்கள் சொன்னார்கள், கோயிலில் அவர் காது பட ஒருமுறை நானும் சொன்னேன். அடுத்த வருட நாடகம் வேறொருவரிடம் போனது. எல்லாரும் கிரீடம் வைத்த ஒரு நாடகம். யாரும் எழும்பிப் போகவில்லை, யாரும் முழித்திருக்கவும் இல்லை. அன்ரி மெல்பேர்னுக்கு மாறிப் போனார். அங்கே சொந்தக்காரர் இருக்கினம் என்றார்கள். இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், காரின் பின் ஆசனத்தில் நான் புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார். எனக்கில்லை, அப்பாவுக்கு. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில், காதில் பாட்டு மாட்டியிருந்தேன். கசற் முடிந்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

"அவவின்ர தம்பி மண்ணெண்ணெய் வாங்கப் போனவன்தானே. அவதான் அனுப்பினவ."

அப்பா வேகத்தைக் குறைத்தார். "கூட்டிக்கொண்டு போனது ஆர்?"

"ஆரெண்டு தெரிஞ்சா, அவ ஒரு பக்கமெண்டாலும் நிண்டிருப்பாவெல்லே."

"நீர் ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல. கார்ட்டூனெண்டு எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

என் வாயில் புளிச்சாதம் இருந்தது. நான் அதை விழுங்கிவிட்டுக் கசற்றைத் திருப்பிப் போட்டேன்.

இவ்வளவையும் இத்தனை காலம் ஒருவிதமாக மடித்து வைத்திருந்தேன். சிறுபிள்ளை, நல்லதுக்குத்தானே சொன்னது, அன்ரியும் கதையை மாற்றியது மாற்றியதுதானே என்று. அந்தக் கடைசிச் சமாதானத்தைப் போன வருடம் என் மகள் உடைத்தாள். நூலகத்திலிருந்து ஒரு பருத்த புத்தகம் கொண்டுவந்தாள், வலமிருந்து இடமாக வாசிக்கிற வகை. அட்டையில் வெளிச்சவீடு. நான் கத்தியே விட்டேன். முகப்புப் பாட்டையும் பாடினேன். அவள் வேறு அறைக்குப் போய்விட்டாள்.

தனியே இருந்து வாசித்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று தடவிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அக்கா விளக்கை ஏற்றிவிட்டு நிற்கிறாள். கடல் வெறுமையாக இருக்கிறது. கதை முடிந்துவிட்டது.

"இதில தம்பி வரேல்லையே," என்றேன் மகளிடம்.

"ஓஃப் கோர்ஸ், அம்மா. ரீவிக்காக எண்டிங்கை மாத்திட்டாங்கள். எவ்ரிபடி நோஸ் தட்."

எல்லாருக்கும் தெரியுமாம். புத்தகத்தைக் கண்ணால் காணாத ஒருத்தி, ரீவிக்காரர் பூசிய சீனியைச் சுரண்டி எடுத்து, அடியில் இருந்த கதையை ஒரு கார் நிறுத்துமிடத்தில் எங்களுக்குப் பழக்கியிருக்கிறாள். நான் சீனியைக் கொண்டுவந்து காட்டி, இதுதான் அசல் என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

மெல்பேர்னில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. புத்தகத்தையும் எடுத்துப் போனேன். அன்ரியின் வீடு டண்டினொங் புறநகரில் ஒரு சின்ன யுனிட். கதவைத் திறந்தவருக்கு எழுபது தாண்டியிருந்தது. என்னைக் கண்டதும், "தலைமயிரைக் கட்டையா வெட்டிப்போட்டாய்," என்றார். அதுதான் முதல் பேச்சு. நூல் இல்லாத கம்பளம். கதிரைகளில் ஒன்றில் மட்டும் ஆள் இருந்த பள்ளம்.

நான் புத்தகத்தை விரித்து, பெட்டி பெட்டியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அதற்காகத்தான் வந்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நீ சொல்லத் தேவையில்லை. இருவது வரியம் ஃபக்ரறியில வேலை செய்தனான். எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டார்.

பின்னேரம் முழுக்க வாசித்தார். நான் எதிரில் இருந்து என் கைகளைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு விமானத்தில் அழகான வசனங்கள் கட்டி வைத்திருந்தேன். கிரீடம் வைத்த வசனங்கள். ஒன்றும் வெளியே வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். படத்தின் மேல் விரலை வைத்தார், விளக்கில் இல்லை, அக்காவின் வெறும் கையில்.

"போத்தல்தான் இல்லை," என்றார்.

"ஓம், அன்ரி. இதிலையும் இல்லை. அது உங்கட."

அவர் புத்தகத்தை மூடினார், எனக்குப் பழகிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக. அட்டையில் ஒட்டியிருந்த நூலகத் திகதிச் சிட்டையைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டுக் கேத்திலை வைக்க எழும்பினார்.

"தவணை முடிஞ்சு போச்சு. கொண்டுபோய்க் குடு."